ராமநாதபுரம் கரையில் இரண்டு நாள் நடை: பேக்கில் என்ன இருக்க வேண்டும்?

சனி, ஞாயிறு பேக்கை மாட்டிக்கொண்டு கடற்கரையோரமாக நடக்கப் போகிறோம் என்று எங்கள் நடைக் குழுவில் புதிதாகப் பத்துப் பேருக்கு மேல் கிளம்பியிருக்கிறார்கள். ஆளுக்கொரு சந்தேகம். எல்லாவற்றுக்கும் சேர்த்து என்னைப் பதில் எழுதச் சொன்னார்கள். நான் மண்டபத்துக்காரன். அப்பா வத்தை என்கிற படகில் மீன்பிடித் தொழிலுக்குப் போனவர். எனக்குக் கடலுக்குள் போகிற தைரியம் வரவில்லை. கரையோரமாகவே நடந்து பழகிவிட்டேன்.

மதுரை கல்லூரி மாணவர்: அண்ணே, ஒரு வீடியோவில் 42 பொருள் சொன்னார்கள். கூட்டிப் பார்த்தால் இருபதாயிரம் தாண்டுது. எது எது இல்லாமல் முடியாது?

தம்பி, அந்தப் பட்டியல் மலைக்குப் போட்டது. அங்கே குளிரும் மழையும் எதிரி. நம் கரையில் வெயிலும் உப்பும் தாகமும்தான் எதிரி. அதனால் பட்டியலில் பாதியை அடித்துவிடலாம்.

காசு போட வேண்டியது பேக்கில் மட்டும். 30, 35 லிட்டர் அளவு போதும். இடுப்பில் கட்டுகிற பட்டை இருக்க வேண்டும், அது இல்லாவிட்டால் மொத்தப் பாரமும் தோளில் இறங்கும். முதல் தடவைக்கு நண்பனிடம் கடன் வாங்குங்கள், தப்பில்லை. மீதி எல்லாம் வீட்டிலேயே கிடக்கும்: முழுக்கை பருத்திச் சட்டை ஒன்று, அகலமான தொப்பி, இரண்டு துண்டு, ஒரு கைலி, டார்ச், ஆதார் அட்டை. கைலியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். விரிப்பு, போர்வை, உடை மாற்றும் மறைப்பு, வெயிலில் தலைக்கு முக்காடு என்று நாலு பொருளின் வேலையை அது ஒன்றே பார்க்கும்.

பாரத்துக்குப் பொதுவாகச் சொல்கிற கணக்கு, உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு. அறுபது கிலோ ஆளுக்குப் பன்னிரண்டு கிலோ. நான் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டேன். மணலில் கால் புதைய நடக்கும்போது தண்ணீரோடு சேர்த்து எட்டு கிலோவே அதிகம். கிளம்பும் முன் தெருமுனைப் பழைய பேப்பர் கடைத் தராசில் ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

சென்னையிலிருந்து ஒரு சகோதரி: உறிஞ்சிக் குடிக்கிற ஃபில்டர் வாங்கி வைத்திருக்கிறேன். போகிற வழியில் கிணறு, குளம் எது கிடைத்தாலும் குடித்துக்கொள்ளலாம் இல்லையா?

குடிக்க முடியாது அக்கா. இந்த ஒரு பதிலையாவது எல்லாரும் முழுசாகப் படித்துவிடுங்கள்.

அந்த ஃபில்டர் சேற்றைப் பிடிக்கும், கிருமியைப் பிடிக்கும். கரைந்திருக்கிற உப்பைப் பிடிக்காது. எங்கள் கரையில் பெரும்பாலான கிணற்றுத் தண்ணீர் உவர். தெளிவாக இருக்கும், வாயில் வைத்தால் துப்பத் தோன்றும். தாகத்தில் அதைக் குடித்துவிட்டு நடந்தால் தாகம் கூடத்தான் செய்யும்.

தனுஷ்கோடிப் பக்கம் கடலுக்குச் சில அடி தூரத்திலேயே மணலில் ஊற்றுத் தோண்டி நல்ல தண்ணீர் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதில் மாயம் ஒன்றும் இல்லை. மழைத் தண்ணீர் மணலுக்குள் இறங்கி, கனமான உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய அடுக்காக மிதக்கிறது. எங்கே, எவ்வளவு ஆழம் தோண்டலாம் என்பது அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். நாம் போய் நாலு கை கூடத் தோண்டினால் உப்பு மேலே ஏறிவிடும். அவர்களுடைய குடிதண்ணீர் அது. கேட்டால் ஒரு செம்பு தருவார்கள். அதை நம்பிக் கிளம்பக் கூடாது.

கணக்கு இப்படி வையுங்கள். காலை ஆறு முதல் பத்து வரை, மாலை நாலு முதல் இருட்டும் வரை நடப்பதாக வைத்துக்கொண்டால் ஆளுக்கு ஒரு நாளைக்குக் குறைந்தது நாலு லிட்டர். அதாவது நாலு கிலோ. ஒரே கேனில் கொண்டுபோகாதீர்கள், ஓட்டை விழுந்தால் கதை முடிந்தது. இரண்டு இரண்டு லிட்டராகப் பிரித்து, பேக்கில் முதுகை ஒட்டி நடுவில் வையுங்கள். அடியில் வைத்தால் பேக் பின்னால் இழுக்கும். வழியில் பெட்டிக்கடை எதைப் பார்த்தாலும் நிரப்பிக்கொள்ளுங்கள், பாட்டில் பாதிக்கு மேல் இருந்தாலும் சரி.

ஓஆர்எஸ் பொட்டலம் நாலு போட்டுக்கொள்ளுங்கள். பெரிய பொட்டலம் ஒரு லிட்டருக்கு, சின்னது 200 மில்லிக்கு. பொட்டலத்தின் மேலேயே போட்டிருக்கும். சின்ன டம்ளரில் பெரிய பொட்டலத்தைக் கொட்டிக் கலக்குகிறவர்களை நிறையப் பார்க்கிறேன், அது நல்லதில்லை. சிறுநீர் அடர் மஞ்சளாகப் போனால் நடையை நிறுத்தி நிழலில் உட்காருங்கள்.

கோவை, ஐடி வேலை: புது டிரெக்கிங் பூட்ஸ் எட்டாயிரத்துக்கு வாங்கினேன். அதையே போடலாமா?

அதை வால்பாறைக்கு வைத்துக்கொள்ளுங்கள் சார். கணுக்கால் வரை மூடிய பூட்ஸுக்குள் மணல் போனால் வெளியே வராது. நனைந்த மணல் உப்புத்தாள் மாதிரி தேய்த்து மதியத்துக்குள் கொப்புளம் வந்துவிடும். பின்பட்டை உள்ள, அடி தடித்த செருப்பு நல்லது. கூட ஒரு ஜோடிப் பழைய காலுறை. வெறுங்காலில் நடக்கிற ஆசை எல்லாருக்கும் வரும், அலை ஓரம் ஈர மணலில் கொஞ்ச தூரம் நடங்கள். கரையை விட்டு நாலு அடி உள்ளே வந்தால் சீமைக் கருவேல முள். ரப்பர் செருப்பைக் கூடத் துளைத்துக்கொண்டு ஏறும். ஊக்கு ஒன்றும் முள்வாங்கி ஒன்றும் மறக்காமல் எடுங்கள்.

திண்டுக்கல்: டென்ட் எந்த மாதிரி வாங்குவது? நடுக் கடற்கரையில் நட்சத்திரம் பார்த்துக்கொண்டே தூங்க வேண்டும் என்று ஆசை.

ஆசை நியாயமானது. ஆனால் நடுக் கடற்கரையில் கண்ட இடத்தில் டென்ட் போட இது இடமில்லை. இலங்கை பக்கத்தில் இருக்கிறது, இரவில் கரையில் புது ஆள் படுத்திருந்தால் மரைன் போலீஸ் வந்து எழுப்பி விசாரிப்பார்கள். அது அவர்கள் வேலை. தனுஷ்கோடியில் இருட்டும் முன்பே சுற்றுலாப் பயணிகளைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். உச்சிப்புளியில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத் தளம் இருக்கிறது, அந்தப் பக்கம் கேமராவைத் தூக்காதீர்கள். மன்னார் வளைகுடாவில் இருக்கிற 21 தீவுகளும் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்கக் கூடாது.

அப்புறம் எங்கே படுப்பது? ஊருக்குள் லாட்ஜ். அல்லது தெரிந்தவர் மூலம் தென்னந்தோப்பு வைத்திருப்பவரிடம் கேட்டு அங்கே. தோப்பில் படுப்பதானால் தென்னை மரத்தடியை விட்டுத் தள்ளிப் போடுங்கள். தேங்காய்க்கு நாம் தூங்குவது தெரியாது.

டென்ட் கொண்டுவருவதானால், கம்பியைக் கோத்தாலே தானாக நிற்கிற வகை. முளை அடித்து நிறுத்துகிற வகை எங்கள் மணலில் நிற்காது. உருவிக்கொண்டு போகும். சின்னத் துணிப்பை நாலில் மணலை நிரப்பிக் கயிற்றைக் கட்டி முழங்கை ஆழத்தில் புதைத்துவிட்டால் எந்தக் காற்றுக்கும் அசையாது. சுவர் முழுக்கக் கொசுவலையாக இருப்பது முக்கியம், இல்லையென்றால் உள்ளே வெந்துவிடுவீர்கள்.

அதே நண்பர்: ஸ்லீப்பிங் பேக்? காற்று அடைக்கிற மெத்தை?

ஸ்லீப்பிங் பேக் வேண்டாம். ஜனவரியில் கூட இங்கே ஒரு போர்வைக்கு மேல் தேவைப்படாது. காற்று மெத்தை கதையை என் செலவில் கேட்டுக்கொள்ளுங்கள். கடைக்காரர் ‘மேகத்தில் படுத்த மாதிரி இருக்கும் சார்’ என்று சொல்லி விற்றார். முதல் ராத்திரியே கருவேல முள் ஒன்று ஏறி, பதினொரு மணிக்குள் மேகம் தரையோடு தரையாகிவிட்டது. அதிலிருந்து மடிக்கிற ஃபோம் பாய்தான். முள் குத்தினாலும் அது பாயாகவே இருக்கும்.

திருச்சியிலிருந்து: நாங்கள் மூன்று பெண்கள். எங்களுக்கென்று தனியாக ஏதாவது எடுக்க வேண்டுமா அண்ணா?

என் தங்கையிடம் கேட்டு எழுதுகிறேன். இரவு தங்குமிடத்தை முன்கூட்டியே முடிவு செய்துவிட்டு வாருங்கள், வந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம். கரையில் கழிப்பறை அரிது, அதனால் காலை நடையை ஊரிலிருந்து ஊர் என்று அமைத்துக்கொள்ளுங்கள். மாதவிடாய் நாளாக இருந்தால் பயன்படுத்தியதைத் திருப்பிக் கொண்டுவர இரண்டு ஜிப் கவர். மணலில் புதைத்தால் நாய் தோண்டிவிடும். விசில் ஒன்று கழுத்தில். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்தின் இலவச எண் 1093, போனில் சேமித்துவிடுங்கள். மீனவக் கிராமங்களில் வலை பின்னிக்கொண்டிருக்கிற அக்காக்களிடம் முதலில் பேச்சுக் கொடுங்கள், அதற்கப்புறம் அந்த ஊரில் உங்களுக்கு ஒரு குறையும் வராது என்கிறாள் தங்கை.

விருதுநகர்: சின்ன கேஸ் அடுப்பு எடுத்துவரலாமா?

ரயிலில் வருவதானால் முடியாது. கேஸ் சிலிண்டர், பெட்ரோல் எதுவும் ரயிலில் கொண்டுபோகக் கூடாது. கொண்டுவந்தாலும் கரைக் காற்றில் அடுப்பு நிற்காது, ஒரு டீ போட அரை மணி நேரம். முதல் நாளுக்குக் கட்டுச்சோறாகப் புளியோதரை. தயிர்சாதம் வேண்டாம், மதியத்துக்குள் புளித்துவிடும். அப்புறம் அவல், கருப்பட்டி, வறுகடலை. தை, மாசியில் வந்தால் அவித்த பனங்கிழங்கும் கோடையில் நுங்கும் பதநீரும் கிடைக்கும். இரவு ஊருக்குள் பரோட்டாவும் மீன் குழம்பும் இருக்க, யாராவது நூடுல்ஸ் கிண்டுவார்களா?

மதுரை, வயது 54: முழங்கால் வலி உண்டு. ஒன்பது வயதுப் பேரனையும் கூட்டிவர நினைக்கிறேன். எந்த வழி?

உச்சிப்புளி ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோவில் அரியமான் கடற்கரைக்குப் போய்விடுங்கள் ஐயா. அங்கிருந்து பாக் விரிகுடா ஓரமாக மண்டபம் பக்கம் நடங்கள், முடிகிற இடத்தில் ரோட்டுக்கு வந்து பஸ் ஏறிக்கொள்ளலாம். அந்தப் பக்கத்தை எங்கள் ஊரில் பெண் கடல் என்போம், அலை சாதுவாக இருக்கும். தெற்கே மன்னார் வளைகுடா ஆண் கடல். அங்கே பேரனைத் தண்ணீரில் இறக்காதீர்கள். உங்களுக்குக் கைத்தடி ஒன்று, பேரனுக்கு அவன் தண்ணீரும் தொப்பியும் மட்டும் உள்ள சின்னப் பை. கொண்டு வந்த பொம்மையை நீங்கள்தான் சுமக்க வேண்டியிருக்கும், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

தூத்துக்குடி: எந்த மாதம் தோது?

ஜனவரி, பிப்ரவரி. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வாடைக்காலம். மழையும் புயலும் அதில்தான். தனுஷ்கோடியை 1964 டிசம்பரில் அழித்த புயல் நினைவிருக்கட்டும். அந்த மாதங்களில் வானிலை அறிவிப்பு பார்க்காமல் கிளம்பாதீர்கள். ஏப்ரல், மே வெயிலில் முதல் நடையை வைத்துக்கொள்வது வீம்பு. கச்சான் காற்று வீசுகிற ஜூன், ஜூலையில் தெற்குக் கரையில் மணல் முகத்தில் அறையும். கண்ணாடி இல்லாமல் வர வேண்டாம்.

சிவகங்கை: போன், சார்ஜ்?

10,000 எம்ஏஎச் பவர் பேங்க் ஒன்று இரண்டு நாளுக்குத் தாராளம். தனுஷ்கோடியின் கோடியில் இருக்கிற அரிச்சல்முனைப் பக்கம் போனால் இலங்கை டவரைப் பிடித்துக்கொள்ளும், ரோமிங்கை அணைத்து வையுங்கள். தலையில் மாட்டுகிற டார்ச்சில் சிவப்பு வெளிச்சம் இருந்தால் நல்லது. ஜனவரி முதல் பங்குனி வரை ஆமைகள் முட்டையிட ஏறுகிற காலம், வெள்ளை வெளிச்சம் குஞ்சுகளைத் திசைதிருப்பிவிடும்.

சேலம்: மருந்துப் பெட்டியில் என்ன? ஜெல்லி மீன் பயம் இருக்கிறது.

வழக்கமான பஞ்சு, பிளாஸ்டர், காய்ச்சல் மாத்திரை, நீங்கள் தினமும் போடுகிற மாத்திரை. நாங்கள் சொறி என்று சொல்கிற ஜெல்லி மீன் பட்டால் கையால் தேய்க்காதீர்கள். நல்ல தண்ணீர் விட்டும் கழுவாதீர்கள். கடல் தண்ணீரில் அலசி, ஒட்டியிருக்கிற இழையைக் குச்சியால் எடுத்துவிடுங்கள். திருக்கை முள் குத்தினால் பொறுக்கிற சூட்டில் வெந்நீரில் காலை வைத்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஆழமில்லாத தண்ணீரில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடந்தால் திருக்கை முன்னாலேயே விலகிவிடும். மூச்சுத் திணறினால் 108.

இன்னொன்று, கேட்காமலே சொல்கிறேன். அழகாக இருக்கிறது என்று பவளத் துண்டு, கடல் குதிரை எதையும் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். 1972 வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் வழக்கு வரும். செத்துக் கிடந்ததுதானே என்ற சமாதானம் செல்லாது.

தேனி: திரும்பி வந்ததும் பேக்கை அப்படியே பரணில் போடலாமா?

போட்டால் அடுத்த தடவை ஜிப் திறக்காது. எனக்கு இரண்டு பேக் அப்படிப் போயின. வந்த அன்றே நல்ல தண்ணீரில் பேக், செருப்பு, டென்ட் கம்பி எல்லாவற்றையும் அலசி நிழலில் காயவையுங்கள். காய்ந்ததும் ஜிப் மேல் மெழுகுவர்த்தித் துண்டை நாலு இழுப்பு தேய்த்துவிடுங்கள். பேக்கின் அடிமூலையில் ஒரு பிடி மணல் எப்படியும் மிச்சம் இருக்கும். எனக்கு இன்றுவரை முழுசாகப் போனதில்லை.