தீவிரவாதத் தாக்குதல் போரா, குற்றமா? பாலிசி புதுப்பிக்கும் முன் படிக்க வேண்டிய ஒரு பக்கம்

கேள்வி: ஐயா, ராணிப்பேட்டையில் ஷூ அப்பர் தைக்கும் சிறிய யூனிட் வைத்திருக்கிறேன். கட்டடம், மெஷின், சரக்கு எல்லாம் சேர்த்து 3 கோடிக்கு இன்சூரன்ஸ். அடுத்த மாதம் ரினியூவல். போரால் வரும் சேதத்துக்கு இழப்பீடு கிடையாது என்று பாலிசியில் இருக்கிறது. 2025 மே மாதம், இனி தீவிரவாதத் தாக்குதல் நடந்தால் அதைப் போராகவே எடுத்துக்கொள்வோம் என்று தில்லியில் சொன்னதாகச் செய்தி வந்தது. அப்படியென்றால் நாளைக்கு ஒரு குண்டு வெடித்து என் ஷெட் போனால், இது போர் என்று சொல்லி இன்சூரன்ஸ்காரர்கள் கையை விரித்துவிடுவார்களா? டெரரிசம் கவருக்குக் காசு கட்டுவது வீணா? சட்டம் படிக்கும் என் மகன், தீவிரவாதம் குற்றம்தான் என்கிறான். என் தம்பியோ, இது போர் இல்லாமல் வேறென்ன என்று சண்டைக்கு வருகிறான். செங்கடல் வழியாகப் போகும் எங்கள் கன்டெய்னருக்கும் இதே சிக்கல் உண்டா?

பதில்: நான் உங்கள் மகன் கட்சி. ஆனால் தம்பியை முழுசாகத் தள்ளிவிடவும் முடியாது. முதலில் காசு விஷயத்தைப் பார்ப்போம்.

தில்லியில் சொன்னது எல்லைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு விடுத்த எச்சரிக்கை. உங்களுக்கும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் இடையில் இருக்கும் ஒப்பந்தத்தில் அது ஒரு கமாவைக்கூட மாற்றவில்லை. க்ளைம் என்று வந்தால் பாலிசியில் அச்சாகியிருப்பதுதான் பேசும்.

பாலிசியை எடுத்து, பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் விலக்குகளைப் படியுங்கள். போர், படையெடுப்பு, அயல்நாட்டுப் பகைவரின் செயல், போர் போன்ற நடவடிக்கைகள், உள்நாட்டுப் போர், சிப்பாய்க் கலகம், கிளர்ச்சி, புரட்சி என்று வரிசையாகப் போகும். நடுவில், போர் என்று அறிவித்தாலும் அறிவிக்காவிட்டாலும் என்று ஒரு சொற்றொடர் வரும். தம்பி பிடித்துக்கொள்வது இதைத்தான். இப்போது டெரரிசம் என்று தலைப்பிட்ட பக்கத்துக்கு வாருங்கள். அரசியல், மதம், கொள்கை போன்ற நோக்கத்துக்காகத் தனியாளோ குழுவோ செய்யும் வன்முறை என்று அதற்கு விளக்கம் இருக்கும். ஏதாவது ஓர் அரசாங்கத்தின் சார்பில் செய்தாலும் அது இதில் அடங்கும் என்றும் அதிலேயே எழுதியிருக்கும். சட்டவிரோதச் செயல்கள் தடுப்புச் சட்டத்தையும், அதாவது ஊபாவையும், அந்தப் பத்தி பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஊபா ஒரு குற்றவியல் சட்டம். ஆக, தீவிரவாதத்தைச் சட்டம் குற்றமாகப் பார்க்கும் வரைக்கும்தான் உங்கள் டெரரிசம் கவருக்கு மதிப்பு. மகன் சொல்வது உங்கள் பணப்பெட்டிக்கும் நல்லது.

2025இல் ஒரே மாதத்துக்குள் தீவிரவாதத் தாக்குதல், ராணுவத் தாக்குதல் இரண்டும் நடந்தன. ஏப்ரல் 22 அன்று பஹல்காமில் துப்பாக்கியோடு வந்தவர்கள் 26 பேரைக் கொன்றார்கள். தேசியப் புலனாய்வு முகமையான என்ஐஏ அதை ஒரு வழக்காக எடுத்து விசாரித்தது. மே 7க்குப் பிறகு பூஞ்ச் பக்கம் வீடுகள் மேல் எல்லைக்கு அப்பாலிருந்து பீரங்கிக் குண்டு விழுந்தது. ஒரு நாட்டின் ராணுவம் சுட்டதால், பூஞ்சில் இடிந்த கடைக்கு யாராவது சாதாரண ஃபயர் பாலிசியில் க்ளைம் கேட்டால் போர் விலக்கு குறுக்கே நிற்கும். பஹல்காம் போன்ற சம்பவத்தில் சொத்து சேதமாகியிருந்தால் அது டெரரிசம் பத்தியில் வரும். ராணுவம் சுட்டதா, ஆயுதக் குழு சுட்டதா என்பதுதான் உரசிப் பார்க்கும் கல். தலைவர்கள் மேடையில் என்ன பெயர் வைத்தார்கள் என்பது இங்கே செல்லாது.

இந்தச் சண்டை இன்சூரன்ஸ் உலகத்துக்குப் புதிதும் இல்லை. 1970 செப்டம்பரில் பாலஸ்தீன விடுதலைக்கான மக்கள் முன்னணி, ஆம்ஸ்டர்டாமிலிருந்து நியூயார்க் கிளம்பிய பான் அமெரிக்கன் ஜம்போ ஜெட்டைக் கடத்தியது. பெய்ரூட் வழியாகக் கெய்ரோவுக்குக் கொண்டுபோய், பயணிகளை இறக்கிவிட்டு வெடிவைத்துத் தகர்த்தார்கள். விமானத்துக்கு இன்சூரன்ஸ் கொடுத்த கம்பெனிகள், இது போர், கிளர்ச்சி, நாங்கள் கொடுக்க வேண்டியதில்லை என்று வழக்காடின. 1974இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. போர் என்றால் அரசாங்கங்களோ, அரசாங்கம் போல நாட்டை ஆளும் அமைப்புகளோ மோத வேண்டும். இந்தக் குழு அப்படிப்பட்டது இல்லை என்றது. கம்பெனிகள் பணம் கொடுத்தன.

நம் நாட்டு உதாரணம் இன்னும் சுவாரசியமானது. 2008 மும்பைத் தாக்குதலில் பிடிபட்ட கசாப் மேல் நிரூபணமான குற்றங்களில் ஒன்று, இந்திய அரசுக்கு எதிராகப் போர் தொடுத்தல். பழைய இபிகோ 121, இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவில் 147. சட்டப் புத்தகத்திலேயே போர் என்ற சொல் வந்துவிட்டதே, தாஜ் ஹோட்டலுக்குப் பணம் கிடைத்திருக்காதே என்றுதானே நினைப்பீர்கள்? கிடைத்தது. 2001 செப்டம்பர் 11க்குப் பிறகு வெளிநாட்டு மறுகாப்பீட்டுக் கம்பெனிகள் (இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கே இன்சூரன்ஸ் கொடுப்பவர்கள்) டெரரிசத்தைக் கைகழுவிவிட்டதால், 2002இல் நம்மூர்க் கம்பெனிகள் சேர்ந்து ஒரு பொதுத் தொகுப்பு வைத்தன. மறுகாப்பீட்டு நிறுவனமான ஜிஐசி அதை நிர்வகிக்கிறது. மும்பை ஹோட்டல்களுக்கான பணம் அந்தத் தொகுப்பிலிருந்துதான் வந்தது. இபிகோ 121ஆம் பிரிவில் வரும் போர் என்ற சொல்லுக்கு நாடுகளுக்கிடையே நடக்கும் போர் என்று பொருள் இல்லை என்பதை, நாடாளுமன்றத் தாக்குதல் வழக்கில் 2005இலேயே உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியிருந்தது. எனவே எஃப்ஐஆரில் 147 என்று பார்த்ததும் பதற வேண்டாம். விலக்கு பொருந்தும் என்று காட்ட வேண்டிய சுமையும் கம்பெனியின் தலையில்தான்.

கன்டெய்னர் கதை வேறு. மரைன் பாலிசியின் அடிப்படைப் பத்திகளில் போரும் இல்லை, தீவிரவாதமும் இல்லை. இரண்டையும் தனித்தனி இணைப்பாக வாங்க வேண்டும். பெரும்பாலும் சேர்த்தே கொடுப்பார்கள் என்பதால் செங்கடலில் ஏவுகணை விட்டவர்கள் படையா குழுவா என்ற விவாதம் உங்களை அதிகம் தொடாது. ஒன்றை மட்டும் கவனியுங்கள். போர் இணைப்பு, சரக்கு கப்பலில் இருக்கும்போதுதான் வேலை செய்யும். ராணிப்பேட்டையிலிருந்து சென்னைத் துறைமுகம் போகும் டிரெய்லருக்கு அது இல்லை. கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போய் மூன்று வாரம் தாமதமாகி, வாங்குபவர் ஆர்டரை ரத்து செய்தால் அதற்கு எந்த இணைப்பிலும் பணம் வராது.

இனி வீட்டுச் சண்டைக்கு வருகிறேன். விலக்குப் பட்டியலில் சிப்பாய்க் கலகம் என்று படித்தீர்கள் அல்லவா, வேலூர்க்காரனுக்கு அந்தச் சொல்லைச் சும்மா கடந்துபோக முடியாது. 1806 ஜூலை 10 விடியற்காலையில் கோட்டைக்குள் சிப்பாய்கள் எழுந்தார்கள். ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேய அதிகாரி கில்லெஸ்பி குதிரைப் படையோடு வந்து சில மணி நேரத்தில் அடக்கினார். சரணடைந்தவர்களில் சுமார் 100 பேரைப் பந்து விளையாடும் மைதானத்துச் சுவரோரம் நிற்கவைத்துச் சுட்டார்கள். யார் சுட்டவர், யார் பயந்து ஒளிந்தவர் என்று ஒருவரும் கேட்கவில்லை. அதே சம்பவத்தில் பிறகு பிடிபட்டவர்களை ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தினார்கள். பீரங்கி வாயில் கட்டிச் சுட்டதும் தூக்கில் போட்டதும் உண்டு என்றாலும், நாடுகடத்தலோடு உயிர் தப்பியவர்களும் இருந்தார்கள். காலையில் சுவரோரம் நின்றவனுக்கு அந்த வாய்ப்பே இல்லை. அன்று கலகக்காரர்கள் என்று எழுதப்பட்டவர்களுக்கு இன்று மக்கானில் நினைவுத்தூண் நிற்கிறது. கோட்டைக்கு எதிரே பஸ் ஏறும்போதெல்லாம் பார்க்கிறோம்.

அதே ஊரில் தொரப்பாடி சிறையும் இருக்கிறது. ராஜீவ் கொலை வழக்கில் தண்டனை பெற்றவர்கள் பல்லாண்டு இருந்த இடம். 1998இல், தீவிரவாதத் தடுப்புச் சட்டமான தடாவின் கீழ் அமைந்த நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. 1999 மே மாதம் உச்ச நீதிமன்றம் நான்கு பேருக்கு மட்டும் தூக்கை உறுதிசெய்தது, மூன்று பேருக்கு ஆயுள், மீதி 19 பேரை விடுவித்தது. கொலைச் சதி நிரூபணமானது, ஆனால் தடாச் சட்டத்தின்படி இது தீவிரவாதச் செயல் ஆகாது என்றும் சொன்னது. நாட்டையே உலுக்கிய கொலையில்கூட ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்று நீதிமன்றம் தனித்தனியாகக் கேட்டது. போர் என்று முத்திரை குத்தியிருந்தால் இந்தக் கேள்விக்கே இடம் இருந்திருக்காது, அந்த 19 பேரும் எதிரிப் பட்டியலிலேயே கிடந்திருப்பார்கள்.

கசாப் வழக்கும் நான்கே ஆண்டுகளில் முடிந்தது. அதே வழக்கில் கூடவே குற்றம்சாட்டப்பட்ட இரண்டு இந்தியர்கள் ஆதாரம் போதாமல் விடுதலையானார்கள். போர் என்று சொல்லிக் குவாண்டனாமோ சிறையைத் திறந்த அமெரிக்கா, செப்டம்பர் 11 சதியின் மூளை என்று 2003இல் பிடித்தவருக்கு 20 ஆண்டு தாண்டியும் தீர்ப்பு வாங்கவில்லை. இன்னொன்றையும் தம்பியிடம் சொல்லுங்கள். போரில் பிடிபடும் சிப்பாயைச் சண்டை போட்டதற்காக மட்டும் தண்டிக்கக் கூடாது என்பது ஜெனீவா ஒப்பந்தம். ரயில் நிலையத்தில் காத்திருந்தவர்களைச் சுட்டவனுக்குச் சிப்பாய் மரியாதை கொடுக்க உங்கள் தம்பிக்குச் சம்மதமா?

குற்றமாகப் பார்ப்பதால் சட்டம் இளகிப்போகும் என்று நினைக்க வேண்டாம். ஊபாவில் குற்றப்பத்திரிகை இல்லாமலே 180 நாள் வரை உள்ளே வைக்கலாம், ஜாமீன் குதிரைக்கொம்பு. அதில் எனக்கு வேறு வருத்தங்கள் உண்டு, இங்கே வேண்டாம். தம்பி சொல்வதில் நியாயம் இருப்பது ஓர் இடத்தில்: குழுவுக்குப் பின்னால் ஒரு நாடு நின்று ஆளும் ஆயுதமும் அனுப்பினால், அந்த நாட்டை நம் மாஜிஸ்திரேட் சம்மன் அனுப்பிக் கூப்பிட முடியாது. அங்கே ராணுவத்துக்கு வேலை இருக்கிறது. அந்த வேலை நடக்கும்போதே இங்கே வழக்கும் நடக்கலாம், 2025இல் நடந்ததும் அப்படித்தான்.

ரினியூவலுக்கு வருவோம். ஓரிடத்தில் இருக்கும் சொத்து 5 கோடிக்குள் என்றால் 2021 ஏப்ரல் முதல் இருக்கும் பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா உங்களுக்கான பாலிசி. டெரரிசம் அதில் சேர்ந்தே வரும். பழைய ஃபயர் பாலிசி என்றால் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும், வாங்குங்கள், வீண் இல்லை. எதுவானாலும் ஷெட்யூலில், அதாவது எதற்கெல்லாம் கவர் என்று பட்டியலிடும் பக்கத்தில், அந்த வரி இருக்கிறதா, க்ளைமில் நம் கையிலிருந்து போகும் தொகை எவ்வளவு என்று கண்ணால் பாருங்கள். என் கட்சிக்காரர் ஒருவர், “எல்லாம் சேர்த்துத்தான் போட்டிருக்கு சார்” என்று ஏஜென்ட் சொன்னதை நம்பினார். குடோன் எரிந்த பிறகுதான் ஷெட்யூலைப் பிரித்தார். சரக்கு அதில் இல்லவே இல்லை, கட்டடம் மட்டும்தான் இருந்தது.

கம்பெனிக்கு ஒரு மெயில் போடுங்கள்: “தடைசெய்யப்பட்ட அமைப்போ தனிநபரோ நடத்தும் தாக்குதலில் கட்டடம், இயந்திரம், சரக்கு மூன்றுக்கும் டெரரிசம் கவர் உண்டா?” பதிலும் மெயிலில் வரட்டும். பின்னால் க்ளைமை மறுத்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். க்ளைம் கோடிக்கணக்கில் இருந்தாலும் நீங்கள் கட்டிய பிரீமியம் 50 லட்சத்துக்குள் என்றால் மாவட்ட ஆணையமே போதும். ஸ்டாக் ரெஜிஸ்டர் நகலை மட்டும் யூனிட்டுக்குள் வைக்காதீர்கள், வீட்டு பீரோவில் வையுங்கள்.