டியூப் யார் கையில் இருக்கிறது?

கேள்வி: என் கணவருக்கு 47 வயது. திருவெலும்பில் (முதுகுத்தண்டின் அடியில் உள்ள எலும்பு) வந்த கார்டோமா கட்டியை எட்டு மாதங்களுக்கு முன் எலும்போடு எடுத்துவிட்டார்கள். நன்றாக நடக்கிறார். ஆனால் சிறுநீர் தானாக வருவதில்லை. நான்தான் டியூப் போட்டு எடுக்கிறேன். "டாக்டர் நரம்பை வெட்டிவிட்டார்" என்கிறார்கள் உறவினர்கள். அவர் வீட்டு வாசலைத் தாண்டுவதே இல்லை. இது சரியாகுமா?
வாசகி, திண்டுக்கல்

பதில்: அன்புச் சகோதரி, கார்டோமா ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஏறக்குறைய ஒருவருக்கு வரும் நோய். கருவில் முதுகெலும்பு உருவாகும் முன் இருந்த முதுகுநாண் என்னும் தண்டின் மிச்ச உயிரணுக்களிலிருந்து அது முளைக்கிறது. பாரம் தூக்கியதால் வந்ததா என்று யாரும் அவரைக் குடைய வேண்டாம். வழக்கமான கீமோதெரபிக்கு அது மசியாது. கட்டியைக் கீறினால் உயிரணுக்கள் சிந்தி மறுபடி வளரும் என்பதால், சுற்றியுள்ள நல்ல திசுவோடு முழுதாக எடுக்கிறார்கள். சிறுநீர்ப்பைக்கும் மலக்குடலுக்கும் போகும் நரம்புகள் திருவெலும்பின் துளைகள் வழியாகவே செல்கின்றன. கட்டி அவற்றைப் பிடித்திருந்தால், உயிரைக் காக்க நரம்பை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். உறவினர்களிடம் இதைச் சொல்லுங்கள்.

திருவெலும்பு வழியே செல்லும் அந்த நரம்புகளுக்கு எஸ்2, எஸ்3 என்று எண் இட்டிருப்பார்கள். அவற்றில் எவை மிஞ்சின என்று அறுவை சிகிச்சைக் குறிப்பில் இருக்கும். இழுபட்ட நரம்பு மாதக்கணக்கில் மெல்லத் தேறலாம். இருபுறமும் வெட்டப்பட்டிருந்தால் பழைய நிலை திரும்பாது. இதை மறைப்பது உங்களுக்கு நல்லதல்ல.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தியது ஒரு வரி: "நான்தான் டியூப் போட்டு எடுக்கிறேன்." டியூப் உங்கள் கையில் இருக்கும்வரை அவர் எப்படித் தனியாக வெளியே போவார்? சிறுநீரகப் பிரிவில் செவிலியரிடம் அவரே கற்றுக்கொள்ளட்டும். சோப்பால் கை கழுவி, நான்கு முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை தானே எடுப்பது பெரும்பாலோருக்குச் சில நாட்களில் பழகிவிடும். தேக்கி வைத்தால் சிறுநீரகம் கெடும். காய்ச்சலோ குளிரோ வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். மலம் கழிக்கக் காலை உணவுக்குப் பின் அரைமணிக்குள் தினமும் ஒரே நேரத்தில் உட்காரட்டும். உணவு இறங்கியதும் குடல் அசையும்.

பிட்டத்தில் உணர்வு குறைந்திருந்தால் புண் வருவது தெரியாது. உட்காரும்போது அடிக்கடி எடையை மாற்றட்டும், இரவில் கண்ணாடி வைத்துப் பார்க்கட்டும்.

இந்தக் கட்டி மெதுவாக வளர்வது, பல ஆண்டுகள் கழித்தும் திரும்பக்கூடும். வலி இல்லை என்று எம்.ஆர்.ஐ.யைத் தள்ளிப்போடாதீர்கள். கதிர்வீச்சு தேவையா என்பதையும் கேளுங்கள். கதிர்வீச்சில் ஒரு வகையான புரோட்டான் சிகிச்சை 2019 முதல் சென்னையிலேயே கிடைக்கிறது. அடுத்த முறை போகும்போது பயாப்ஸி அறிக்கையையும் அறுவை சிகிச்சைக் குறிப்பையும் அவரே எடுத்துக்கொண்டு போகட்டும்.