பாட்டில் இல்லாத பெயர் தலைப்பில்: படிவத்தில் எதை எழுதுவது?

கேள்வி: எங்கள் இசைக்குழு மேடையில் பாடப்போகும் பாடல்களின் பட்டியலை உரிமத்துக்காகக் கொடுக்க வேண்டும். தி ஹூ குழுவின் பாட்டு ஒன்றில் ‘டீனேஜ் வேஸ்ட்லேண்ட்’ என்று திரும்பத் திரும்ப வரும். ஆனால் தேடினால் எல்லா இடத்திலும் ‘பாபா ஓ’ரைலி’ என்றே காட்டுகிறது. அப்படி ஒரு சொல் பாட்டிலேயே இல்லையே! யாராவது பெயரை மாற்றிப் போட்டுவிட்டார்களா? நாங்கள் எதை எழுதுவது?

பதில்: யாரும் மாற்றிப் போடவில்லை. நீங்கள் தேடும் பாட்டுதான் அது. படிவத்தில் ‘பாபா ஓ’ரைலி’ என்றே எழுதுங்கள்.

1971-ல் வந்த ‘ஹூஸ் நெக்ஸ்ட்’ ஆல்பத்தின் முதல் பாட்டு இது. எழுதிய பீட் டவுன்ஷெண்ட், தான் குருவாக ஏற்ற மெஹர் பாபாவின் பெயரையும், அமெரிக்க இசையமைப்பாளர் டெர்ரி ரைலியின் பெயரையும் சேர்த்துத் தலைப்பாக்கிவிட்டார். தொடக்கத்தில் ஆர்கன் ஒலி ஒன்று சுழன்று சுழன்று வருகிறதே, அதில் ரைலியின் பாணி அப்படியே தெரியும். வரிகளில் தேடினால் கிடைக்காத காரணம் இசையில் இருக்கிறது.

முதல் வரியையோ அடிக்கடி வரும் வரியையோ பாட்டின் பெயராகச் சொல்லிப் பழகியவர்களுக்கு இது குழப்பம்தான். ஆனால் தலைப்பு வைப்பது எழுதியவரின் விருப்பம், அது பாட்டுக்குள் வந்தாக வேண்டும் என்று விதி கிடையாது. குவீன் குழுவின் ‘பொஹீமியன் ராப்சடி’யில் (1975) அந்தச் சொற்கள் ஓரிடத்திலும் வராது. ‘அன்செயின்டு மெலடி’ 1955-ல் ‘அன்செயின்டு’ என்ற படத்துக்காக எழுதப்பட்டது, பெயர் படத்திலிருந்து வந்தது. ரூபர்ட் ஹோம்ஸின் ‘எஸ்கேப்’ (1979) கதை இன்னும் வேடிக்கை. கேட்டவர்கள் எல்லாரும் ‘பினா கொலாடா பாட்டு’ என்றே கேட்டதால், அந்தப் பெயரையும் தலைப்பில் அடைப்புக்குறிக்குள் சேர்க்க வேண்டியதாயிற்று.

உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல் உண்டு. ‘டீனேஜ் வேஸ்ட்லேண்ட்’ என்ற பெயரிலேயே டவுன்ஷெண்டின் வேறொரு டெமோ (மாதிரிப் பதிவு) இருக்கிறது. 2000-ல் வந்த ‘லைஃப்ஹவுஸ் கிரானிக்கிள்ஸ்’ தொகுப்பில் ‘பாபா ஓ’ரைலி’ டெமோவும் இதுவும் தனித்தனியாகவே உள்ளன. வாயில் வரும் பெயரை எழுதிக் கொடுத்தால், நீங்கள் பாடாத பாட்டுக்கு விண்ணப்பித்ததாக ஆகிவிடலாம்.

அதனால் தலைப்போடு நிறுத்தாமல் எழுதியவர் பெயரையும் கட்டாயம் சேருங்கள். பொதுவாகத் தலைப்புக்குத் தனியே காப்புரிமை கிடையாது, ஒரே தலைப்பில் எத்தனையோ பாட்டுகள் இருக்கும். படிவத்தில் ‘மாற்றுத் தலைப்பு’ என்று இடம் இருந்தால் ‘டீனேஜ் வேஸ்ட்லேண்ட்’டை அங்கே போடலாம்.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் எண்ணைப் பாருங்கள். பாட்டு என்ற படைப்புக்கு ஐ.எஸ்.டபிள்யூ.சி எண், அது ‘டி’ (T) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும். குறிப்பிட்ட ஒலிப்பதிவுக்கு ஐ.எஸ்.ஆர்.சி எண், 12 எழுத்தும் இலக்கமுமாக இருக்கும். ஒரே பாட்டை வேறொருவர் பாடிப் பதிவு செய்தால் இரண்டாவது எண் மாறும், முதலாவது மாறாது. நீங்கள் மேடையில் நேரடியாகப் பாடுகிறீர்கள், ஒலிப்பதிவைப் போடவில்லை. ஆகவே உங்களுக்கு வேண்டியது முதல் எண்தான். பலர் செயலியில் கண்ணில் பட்ட இரண்டாவது எண்ணை எழுதிவிட்டு, விண்ணப்பம் ஏன் திரும்பி வந்தது என்று முழிக்கிறார்கள்.

அப்புறம், பட்டியலில் உள்ள மற்றப் பாட்டுகளையும் ஒருமுறை இப்படிச் சரிபாருங்கள். சந்தேகம் வந்தால் வரியை மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடி, குழு தானே வெளியிட்ட பதிவைத் திறந்து, முதல் அரை நிமிடம் கேட்டுப் பாருங்கள்.