அடுப்புக்கு மேலே தொங்கிய பூண்டு

கேள்வி: கொடைக்கானல் மலைப்பூண்டு விதைக்கென்று வாங்கி மூட்டையாகவே வைத்திருந்தேன். இரண்டே மாதத்தில் பாதி சொத்தை. அந்த மலையிலுள்ள பூம்பாறை ஊர்க்காரர்கள் எப்படிப் பாதுகாக்கிறார்கள்? – வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: மூட்டையில் வேர்த்திருக்கும் அம்மா. நான் பூம்பாறையில் பிறந்து, கால் ஓயும்வரை படிக்கட்டு வயலில் கிடந்தவன். தாளோடு பிடுங்கி, காயவைத்து, கட்டுக் கட்டாக முடிந்து, விறகடுப்புக்கு மேலே மூங்கிலில் தொங்கவிடுவோம். புகை படப்படத் தோல் பழுப்பேறும், ஈரம் வற்றும், பூச்சி அண்டாது. என் மனைவி சோறு வடிக்கும்போதே அண்ணாந்து பார்த்து, ஒரு கட்டு இளகினாலும் உடனே இறக்கிவிடுவாள். மகளின் கல்லூரிக் கட்டணமே அந்த மூங்கிலில்தான் தொங்கியது. விலை விழுந்த ஒரு வருஷம் மனைவியின் கம்மலை அடகு வைத்தோம், விதைக்கட்டைத் தொடவில்லை. 2019-ல் நம் பூண்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த செய்தியைக் கேட்டு அவள் அழுதேவிட்டாள்.

உங்களிடம் விறகடுப்பு இல்லையென்றால் காற்றோடும் நிழலில் தொங்கவிடுங்கள். வாரம் ஒருமுறை கையால் அமுக்கிப் பாருங்கள். மெத்தென்றிருப்பதை அன்றைக்கே குழம்பில் போட்டுவிடுங்கள்.