முன்கதையை முன்னால் காட்டலாமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

வணக்கம். நான் பழனி மலையில் பண்ணைக்காட்டில் வசிக்கிறேன். ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். மழை இல்லாத மாதங்களில் சனிக்கிழமை மாலை எங்கள் தெருப் பிள்ளைகள் இருபது பேரைச் சேர்த்து, வீட்டை ஒட்டிய பழைய காப்பிக் கிடங்கில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டிப் படம் காட்டுவது வழக்கம். ஆங்கிலப் படமானால் நான் ஓரமாக நின்று கதையைத் தமிழில் சொல்லிக்கொண்டே வருவேன்.

சென்ற மாதம் ஓஸ் என்ற மாய நாட்டின் கதையை எடுத்துக்கொண்டேன். கதை நடந்த வரிசையில் காட்டினால் பிள்ளைகளுக்குக் குழப்பம் இருக்காது என்று நினைத்து, 2013-இல் வந்த ‘ஓஸ் த கிரேட் அண்ட் பவர்ஃபுல்’ என்ற முன்கதைப் படத்தை முதல் வாரமும், 1939-இன் ‘த விசார்ட் ஆஃப் ஓஸ்’ படத்தை அடுத்த வாரமும் போட்டேன். முதல் வாரம் ஒரே ஆரவாரம். கடைசியில் மந்திரவாதியின் முகம் புகைக்குள் பெரிதாகத் தெரியும் நேரத்தில் உடைந்த ஜன்னல் வழியாக மேகம் உள்ளே வந்துவிட்டது. ப்ரொஜெக்டர் வெளிச்சம் அதில் பட்டுக் கிடங்கு முழுக்க ஒளி மிதந்தது. மந்திரவாதி உள்ளே வந்துவிட்டான் என்று சின்னப் பிள்ளைகள் அலறினார்கள்.

அடுத்த வாரம் பழைய படம் எடுபடவில்லை. நாய்க்குட்டி திரையை இழுத்து மந்திரவாதியைக் காட்டிக்கொடுக்கும் இடத்துக்காக நான் ஆசையோடு காத்திருந்தேன். ஒரு பையன், “இவரைத்தான் நமக்குத் தெரியுமே டீச்சர்” என்று சொல்லிவிட்டுக் கடலையை உரித்தான். படம் பார்க்க வந்திருந்த ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் இரண்டு வாரமும் கோபமாகவே இருந்தார். “மலைவாழைக்கு யாராவது சர்க்கரை தொட்டுச் சாப்பிடுவார்களா? நல்ல படத்துக்கு எதற்கு முன்கதை? கெடுத்துவிட்டார்கள்” என்றார். எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி கேட்டது வேறு: “ஏமாற்றியவர் அவர்தானே, அவரை ஏன் ராஜாவாக்கினார்கள்?” எனக்குப் பதில் தெரியவில்லை.

நான் செய்தது தவறா? அடுத்த மாதம் தாண்டிக்குடிப் பிள்ளைகளுக்கும் காட்டுவதாகச் சொல்லியிருக்கிறேன். எதை முதலில் காட்டுவது? நீங்களும் ஒருமுறை பண்ணைக்காட்டுக்கு வர வேண்டும்.

அன்புடன்,
ஓர் ஆசிரியை, பண்ணைக்காடு
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்.)

*

வணக்கம் டீச்சர்,

தவறு என்று சொல்ல மாட்டேன். ஆனால் தாண்டிக்குடிப் பிள்ளைகளுக்கு 1939 படத்தை முதலில் காட்டுங்கள்.

கடலை உரித்த பையன் காரணத்தைச் சொல்லிவிட்டான். பழைய படம் அந்தத் திரைச்சீலையை நோக்கித்தான் நகர்கிறது. டோரத்தி என்ற சிறுமியும் சோளக்கொல்லை பொம்மையும் தகர மனிதனும் சிங்கமும் மரகத நகரம் என்ற பச்சை நகரத்துக்குப் போய், நெருப்பும் புகையும் சூழ்ந்த பெரிய தலைக்கு முன்னால் நடுங்கி நிற்கிறார்கள். அது ஏவிய வேலையை உயிரைக் கொடுத்து முடித்துத் திரும்பி வருகிறார்கள். அப்போது அவளுடைய நாய்க்குட்டி டோட்டோ ஓரத்துத் துணியைக் கவ்வி இழுக்கிறது. பின்னால் ஒரு வயதான மனிதர் கைப்பிடிகளைத் திருகிக்கொண்டு மைக்கில் கத்திக்கொண்டிருக்கிறார். இத்தனை பயமும் இவருக்காகவா என்று பிள்ளைகள் வாயைப் பிளக்க வேண்டிய இடம் அது. முந்தைய வாரமே அந்த ஆளோடு பலூனில் ஏறி இரண்டு மணி நேரம் சுற்றிவிட்டு வந்த பையனுக்கு நாய் இழுத்தது வெறும் துணிதான்.

பாட்டிகள் கதையை நடந்த வரிசையிலா சொன்னார்கள்? முதலில் ராட்சசன் வருவான். நாம் நன்றாகப் பயந்த பிறகு, “இவன் யார் தெரியுமா? போன பிறவியில்...” என்று பின்னால் போவார்கள். கேட்கிறவனுக்கு அந்தக் கேள்வி வரும்வரை முன்கதையை மடியிலேயே வைத்திருப்பார்கள்.

இனி உங்கள் தலைமையாசிரியர். அவர் கோபத்தை நான் கேலி செய்யப் போவதில்லை, எனக்கும் அது இருந்தது. 1989 வாக்கில், எனக்குப் பதினொரு வயது. கோத்தகிரியில் எங்கள் வீட்டில் ஒரு விசேஷத்துக்காக ஒரு ராத்திரிக்கு வீடியோ டெக் வாடகைக்கு எடுத்தார்கள். கலர் டி.வி.யும் சேர்த்து எடுத்தால் வாடகை அதிகம் என்று அப்பா எங்கள் கறுப்பு வெள்ளைப் பெட்டியிலேயே அதை மாட்டச் சொன்னார். மூன்று கேசட்டில் இரண்டு தமிழ்ப் படம். மூன்றாவது, ஏதோ எஸ்டேட் பங்களாவுக்காக வந்து கடையிலேயே தங்கிப்போன இங்கிலீஷ் படம். தமிழ்ப் படங்கள் முடிந்து பெரியவர்கள் எல்லாம் படுத்துவிட்டார்கள். விடியற்காலை மூன்று மணிக்குக் கம்பளிக்குள்ளிருந்து நானும் தங்கையும் மட்டும் பார்த்தோம். மொழி பாதி புரியவில்லை. சூனியக்காரி வந்ததும் தங்கை என் முழங்கையைப் பிடித்தவள் படம் முடிந்துதான் விட்டாள்.

அந்தப் படத்தில் டோரத்தியின் ஊரான கான்சாஸ் பழுப்பாக இருக்கும், டோரத்தி கதவைத் திறந்ததும் ஓஸ் வண்ணத்தில் விரியும் என்பது உலகத்துக்கே தெரிந்த விஷயம். எனக்குத் தெரியாது. என் ஓஸ் நாடு எங்கள் ஊர் ஜனவரி மாத விடியல்போலச் சாம்பல் நிறத்தில்தான் இருந்தது. பல வருடம் கழித்து வண்ணத்தில் பார்த்தபோது எனக்கு மகிழ்ச்சி வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. என் படத்தில் யாரோ சாயம் பூசிவிட்டார்கள் என்று தோன்றியது. அசல் படத்தைப் பார்த்தே அசலைக் கெடுத்துவிட்டார்கள் என்று கோபப்பட்டவன் நான்.

பிறகுதான் தெரிந்தது, நான் தனி ஆள் இல்லை. அந்தப் படம் 1939-இல் வந்தபோது தயாரித்த நிறுவனத்துக்கு லாபம் தரவில்லை. அமெரிக்கர்கள் அதைத் தங்கள் வீட்டுப் படமாக ஏற்றுக்கொண்டது 1956-இல் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான பிறகு, அப்புறம் வருடந்தோறும் பார்த்துப் பார்த்துத்தான். அந்தக் காலத்தில் பெரும்பாலான வீடுகளில் இருந்தவை கறுப்பு வெள்ளைப் பெட்டிகள். ஆக, அதை முதலில் நேசித்த பிள்ளைகளில் பலர் கதவு திறந்ததும் வண்ணம் வருவதைப் பார்த்தவர்களே இல்லை.

தலைமையாசிரியர் காக்க நினைக்கும் அந்த மலைவாழையும் மரத்தில் பழுத்தது அல்ல. எல். ஃபிராங்க் பாம் 1900-இல் எழுதிய புத்தகத்தில் டோரத்தியின் காலணி வெள்ளி. சிவப்புக் கல் காலணி சினிமாக்காரர்கள் செய்தது, வண்ணப் படத்தில் சிவப்புதான் எடுப்பாகத் தெரியும் என்பதற்காக. சூனியக்காரியின் பச்சைத் தோலும் அவர்கள் கொடுத்ததுதான். புத்தகத்தில் ஓஸ் உண்மையான நாடு, படத்தில் அது கனவு. இவற்றை எல்லாம் புத்தகத்தை மட்டும் படித்து வளர்ந்த ஒரு கிழவர் 1939-இல் பார்த்திருந்தால் சர்க்கரை உதாரணத்தை அவரே சொல்லியிருப்பார்.

புத்தகத்தில் இன்னொன்று உண்டு, படம் அதை விட்டுவிட்டது. மரகத நகரத்துக்குள் நுழையும் எல்லாருக்கும் வாசலில் பச்சைக் கண்ணாடி மாட்டிப் பூட்டிவிடுவார்கள். நகரம் அவ்வளவு பச்சை கிடையாது, கண்ணாடிதான் பச்சை. எங்கள் மலைக்கு வரும் பயணிகளைப் பார்க்கும்போது இது எனக்கு நினைவு வரும். தேயிலைச் சரிவில் நின்று படம் எடுத்துக்கொண்டு, இயற்கை அப்படியே இருக்கிறது என்பார்கள். தேயிலை 19-ஆம் நூற்றாண்டில் வந்தது, கற்பூர மரம் என்று நாங்கள் சொல்லும் யூகலிப்டஸும் சீகை என்னும் வாட்டில் மரமும் அப்படித்தான். அதற்கு முன் மேல்மலையில் இருந்தது சோலைகளும், கோடையில் வைக்கோல் நிறத்துக்குக் காய்ந்துபோகும் புல்வெளியும். மிச்சமிருக்கும் புல்வெளியைக் காட்டினால், “ஏன் இங்கே ஒன்றுமே இல்லை?” என்று கேட்பார்கள். சரி, படத்துக்கு வருகிறேன்.

2013 படத்துக்கு ஒரு கை கட்டப்பட்டிருந்தது. புத்தகத்தின் பதிப்புரிமை எப்போதோ தீர்ந்துவிட்டதால் ஓஸ் நாட்டை யாரும் எடுக்கலாம். ஆனால் 1939 படத்தின் உரிமை வார்னர் நிறுவனத்திடம் இருக்கிறது, இதை எடுத்தது டிஸ்னி. சிவப்புக் காலணியைக் காட்ட முடியாது. சூனியக்காரியின் பச்சைகூடப் பழைய பச்சையாக இருந்துவிடக் கூடாது. எந்தப் படத்தை நினைத்து ஜனங்கள் டிக்கெட் எடுக்கிறார்களோ அந்தப் படத்தைத் தொடாமல் அதன் முன்கதையைச் சொல்ல வேண்டும். சாம் ரைமி கெட்டிக்கார இயக்குநர், இந்த நெருக்கடியிலும் சில நல்ல காரியங்கள் செய்தார். பழைய படம் கைவிட்ட பீங்கான் ஊரைப் புத்தகத்திலிருந்து மீட்டுக்கொண்டு வந்தார். கான்சாஸில் சக்கர நாற்காலியில் இருக்கும் சிறுமி என்னை நடக்க வை என்று கெஞ்சும்போது அந்தப் போலி மந்திரவாதி கூசிப்போய் நிற்கிறான். ஓஸ் நாட்டில் கால் உடைந்து கிடக்கும் பீங்கான் பொம்மைப் பெண்ணுக்கு ஒரு குப்பிப் பசையால் கால்களை ஒட்டிவிடுகிறான். இரண்டுக்கும் குரல் ஒரே சிறுமியுடையது. அந்த இடத்தில் உங்கள் கிடங்கு எப்படி இருந்தது என்று நீங்கள் எழுதவில்லை. அமைதியாக இருந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அந்தப் படத்தோடு என் சண்டை தியோடோராவைப் பற்றியது, உங்கள் எட்டாம் வகுப்புப் பெண்ணின் சண்டையும் அதுதான். கள்ளமில்லாத பெண். பலூனிலிருந்து விழுந்தவனை நம்புகிறாள். அவன் தன்னை மறந்துவிட்டான் என்று அக்காள் சொல்லி ஓர் ஆப்பிளை நீட்டுகிறாள். ஒரு கடி. உடனே பச்சைத் தோல், கூர் மூக்கு, காலத்துக்கும் அழியாத வெறி. ஏமாந்த பெண்கள் எல்லாரும் இப்படி ஆவதென்றால் நம் இரண்டு மலையிலும் துடைப்பங்கள் பறந்துகொண்டிருக்கும்.

பழைய சூனியக்காரிக்கு யாரும் காரணம் சொல்லவில்லை. மார்கரெட் ஹாமில்டன் சிரித்தார், போதுமானதாக இருந்தது. (அவர் நடிக்க வருவதற்கு முன் மழலையர் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவர். உங்களுக்குப் பிடிக்கும் என்பதால் சொல்கிறேன்.) 1951-இல் வந்த ‘பாதாள பைரவி’யில் ரங்காராவ் நேபாள மாந்திரீகனாக வந்து தாடியைத் தடவியபோது, இவன் சின்ன வயதில் யார் இவனை அழவைத்தார்கள் என்று யாராவது கேட்டார்களா? காரணம் சொல்லவே கூடாது என்பதில்லை. சொல்வதானால் அது குற்றத்தின் அளவுக்காவது இருக்க வேண்டும்.

முடிவு தெரிந்த கதையில் என்ன சுவை என்று முன்கதைகளைப் பற்றிப் பொதுவாக ஒரு புகார் உண்டு. அப்பாவின் ஊர் தருமபுரிப் பக்கம், அங்கே கூத்துத் திடலில் வளர்ந்தவர் அவர். அவரிடம் இதைச் சொன்னால் சிரிப்பார். கர்ணன் குந்தியின் மகன் என்று திடலில் உட்கார்ந்திருக்கும் கடைசிக் கிழவிக்கும் தெரியும். கர்ணனுக்குத்தான் தெரியாது. அது தெரிந்ததால்தான் விடியும்வரை உட்கார்ந்து அழுகிறார்கள். இந்தப் படம் செய்த தவறு வேறு. அக்காள் தங்கையில் யார் மேற்குத் திசைச் சூனியக்காரி ஆகப் போகிறாள் என்பதைப் பாதிப் படம்வரை மறைத்து வைத்து, திடுக்கிடவைக்கப் பார்த்தது. முதல் காட்சியிலேயே இவள்தான் அவள் என்று சொல்லியிருந்தால், அவள் சிரிக்கும் ஒவ்வொரு முறையும் நமக்குக் கலங்கியிருக்கும். கூத்து வாத்தியார் யாரையாவது கேட்டிருக்கலாம்.

ராஜாவாக்கியது ஏன் என்ற கேள்விக்கு என்னிடமும் நல்ல பதில் இல்லை. பாமின் மாமியார் மட்டில்டா ஜோஸ்லின் கேஜ் பெண்களின் ஓட்டுரிமைக்காகப் போராடியவர். மருமகனின் புத்தகத்தில் ஊரைக் காப்பாற்றுகிறவள் ஒரு சிறுமி, மந்திரவாதி வெறும் புளுகன். நூறு வருடம் கழித்துப் புளுகன் கதாநாயகன் ஆகிவிட்டான். உங்கள் எட்டாம் வகுப்புப் பெண் பெரியவளானதும் படம் எடுக்கட்டும்.

என் தங்கை மகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2013-இல் அவளுக்கு ஒன்பது வயது. கோத்தகிரியிலிருந்து பஸ் பிடித்து, மேட்டுப்பாளையம் இறக்கத்தில் இரண்டு முறை வாந்தி எடுத்தபடி, கோயம்புத்தூருக்குப் போய் அந்த முன்கதைப் படத்தைப் பார்த்தோம். படம் சதுரமாக, கறுப்பு வெள்ளையில் தொடங்கியது. முப்பரிமாணக் கண்ணாடிக்குத் தனிக் காசு கொடுத்தவர்கள் பொறுக்கவில்லை. விசில், கூச்சல், ஆபரேட்டருக்கு வசவு. சூறாவளி ஓய்ந்து திரை இரு பக்கமும் அகன்று வண்ணம் வந்ததும் கைதட்டல். பின் வரிசையில் ஒருவர் நிம்மதியாக, “மெஷினைச் சரிசெய்துவிட்டார்கள்” என்றார். அவள் வாய் திறந்தது திறந்தபடி இருந்தது.

2024-இல் ‘விக்கெட்’ வந்தது, அதே சூனியக்காரிக்கு இன்னொரு முன்கதை. அதில் அவள் பிறக்கும்போதே பச்சை, அதனாலேயே ஒதுக்கப்படுகிறவள், மந்திரவாதியின் அரசியலை எதிர்த்துக் கெட்ட பெயர் வாங்குகிறவள். குற்றத்துக்கு ஏற்ற காரணம் என்று நான் மகிழ்ந்துகொண்டிருந்தேன். இருபது வயதாகியிருந்த அதே மருமகள் இடைவேளையிலேயே போன் செய்தாள், அழாத குறை. “எல்ஃபாபாவாம் மாமா! அவள் பெயர் தியோடோரா இல்லையா? ஆப்பிளே இல்லை. கெடுத்துவிட்டார்கள்!”

உங்கள் தலைமையாசிரியரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். கோபம் குறையாது, ஆனால் என் மருமகளோடு பேச அவருக்கு விஷயம் இருக்கும்.

தாண்டிக்குடிக்கு முதலில் பழைய படம். முன்கதையை உடனே அடுத்த வாரம் போடாதீர்கள். யாராவது ஒரு பிள்ளை, “அந்தத் தாத்தா அங்கே எப்படி வந்தார்?” என்று கேட்கும்வரை காத்திருங்கள். பனிக்காலம் முடிந்து ஒரு சனிக்கிழமை நான் பண்ணைக்காட்டுக்கு வருகிறேன். அதற்குள் அந்த ஜன்னல் கண்ணாடியை மாற்றிவிடாதீர்கள்.