நாணயக் கணக்குகளுக்குச் சமன்பாடு எழுதப் பிள்ளையை எப்படிப் பழக்குவது?

பத்தாம் தரத்தில் படிக்கும் உங்கள் மகள் ஒருங்கமை சமன்பாடுகளைத் தடையின்றித் தீர்க்கிறாள். ஆனால் ‘5 ரூபாய், 10 ரூபாய்க் குற்றிகள் மொத்தம் 40, பெறுமதி 310 ரூபாய்’ என்று வசனமாகக் கேட்டால் விழிக்கிறாள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வயதில் நானும் விழித்தவன்தான். ஒரு தவணைப் பரீட்சையில் இருவகைக் குற்றிகளின் எண்ணிக்கையையும் க, ச என்று வைத்துவிட்டு, க + ச = 310 என்று எழுதிப் புள்ளியைப் பறிகொடுத்தேன்.

என்னைத் திருத்தியது யாழ்ப்பாணத்தில் அப்பா வைத்திருந்த சிறிய பலசரக்குக் கடை. இரவு கடையைப் பூட்டியதும் குற்றிகளைப் பத்துப் பத்தாக அடுக்கி எண்ணுவோம். அப்பா பழைய கொப்பியில் இரண்டு நிரல்கள் போடுவார்: இடப்பக்கம் எத்தனை குற்றி, வலப்பக்கம் எவ்வளவு காசு. ஒரு நிரலில் உள்ளதை மற்றதோடு ஒருநாளும் கூட்டமாட்டார். அந்த இரண்டு நிரல்களும்தான் இரண்டு சமன்பாடுகள் என்பது எனக்குப் பிந்தித்தான் உறைத்தது.

ஆகவே மகளிடம் முதலில் ஒரு முழு வசனம் எழுதச் சொல்லுங்கள்: “5 ரூபாய்க் குற்றிகளின் எண்ணிக்கை க, 10 ரூபாய்க் குற்றிகளின் எண்ணிக்கை ச.” ‘எண்ணிக்கை’ என்ற சொல்லை விட்டுவிட இடம் கொடுக்காதீர்கள். ஐந்துக்கு ஐ, பத்துக்குப் ப என்று எழுத்து வைப்பதும் வேண்டாம்; பிள்ளை அந்த எழுத்தையே ஐந்து ரூபாய் என்று வாசிக்கத் தொடங்கிவிடும். பிறகு நிரல்களைக் கூட்டினால் போதும்:

க + ச = 40
5க + 10ச = 310

முதலாவதை 5ஆல் பெருக்கிக் கழித்தால் 5ச = 110. ச = 22, க = 18. அப்பா இதை வாயாலேயே சொல்லிவிடுவார்: எல்லாம் ஐந்து ரூபாய்க் குற்றி என்றால் 200 ரூபாய், மிஞ்சும் 110ஐ, ஒவ்வொரு பத்து ரூபாய்க் குற்றியும் ஐந்து ஐந்தாகக் கூட்டித் தந்திருக்கிறது, ஆகவே 22.

பிள்ளைகள் அதிகம் வழுக்குவது வேறொரு இடத்தில். “பத்து ரூபாய்க் குற்றிகள், ஐந்து ரூபாய்க் குற்றிகளின் இரு மடங்கிலும் 3 குறைவு; மொத்தம் 270 ரூபாய்” என்றால் ச = 2க − 3. வசனம் ‘பத்து’ என்று தொடங்கினாலும் இரு மடங்காவது ஐந்து ரூபாய்க் குற்றிகள்தான். சரியாக எழுதினால் க = 12, ச = 21. மாற்றி க = 2ச − 3 என்று எழுதினால் பதினான்கேகால் பத்து ரூபாய்க் குற்றி வரும். கால் குற்றியை எந்தக் கடையில் மாற்றுவது? ஆனால் தவறான சமன்பாடும் சிலவேளை முழு எண்ணைத் தந்து ஏமாற்றும். விடையை வசனத்தில் போட்டுப் பார்ப்பதுதான் பாதுகாப்பு.

சதம் கலந்து வந்தால் எல்லாவற்றையும் சதமாக்கிவிட்டுத் தொடங்கட்டும்.

நல்லூர்க் கந்தசுவாமி கோயிலில் அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபாய் என்பதால் எங்கள் வீட்டில் ஒரு ரூபாய்க் குற்றிகளைச் சேர்த்து வைப்போம். மகளுக்கு அதிலிருந்தே ஒரு கணக்கு: உண்டியலில் 1 ரூபாய், 5 ரூபாய்க் குற்றிகள் மட்டும் மொத்தம் 50, பெறுமதி 134 ரூபாய். எத்தனை அர்ச்சனைக்கு ஒரு ரூபாய்க் குற்றி இருக்கிறது?