ஒரே இரவில் வீங்கிய முன்தோல்: பால்வினை நோயா?

கேள்வி: வயது 41. இரண்டு நாள் முன்பு இரவு ஆணுறை அணிந்து மனைவியுடன் உறவு கொண்டேன். காலையில் பார்த்தால் ஆண்குறியின் முன்தோல் நீர் கோத்தது போல உப்பியிருந்தது. அரிப்பு உண்டு, வலி அவ்வளவாக இல்லை. பயந்துபோய்க் கிருமிநாசினி கலந்த தண்ணீரில் கழுவினேன், எரிச்சல் கூடியதுதான் மிச்சம். மெடிக்கலில் ஒரு க்ரீம் கொடுத்திருக்கிறார்கள். இது பால்வினை நோயா?

பதில்: க்ரீமை இப்போதைக்குத் தடவாமல் அப்படியே வைத்திருங்கள். முதலில் ஒன்றைப் பாருங்கள். முன்தோல் மொட்டை (ஆண்குறியின் நுனிப் பகுதியை) மூடியபடி இருக்கிறதா, இல்லை பின்னால் போய் மொட்டுக்குக் கீழே வளையம் போட்டதுபோல மாட்டிக்கொண்டிருக்கிறதா?

மாட்டிக்கொண்டிருந்தால் அதன் பெயர் பாராஃபைமோசிஸ். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளிப்போடும் விஷயம் அல்ல அது. வளையம் இறுக்குவதால் ரத்தமும் நிணநீரும் திரும்ப முடியாமல் தேங்கும். வீக்கம் கூடக்கூட இறுக்கமும் கூடும். சில மணி நேரத்தில் மொட்டுக்குப் போகும் ரத்தமே தடைபடலாம். வீங்கிய இடத்தை உள்ளங்கையில் பொத்தி ஐந்து, பத்து நிமிடம் விடாமல் அழுத்துங்கள். நீர் சற்று வடிந்ததும், இரு கட்டைவிரல்களால் மொட்டை உள்ளே தள்ளியபடி மற்ற விரல்களால் தோலை முன்னே கொண்டுவாருங்கள். ஒரு முறை முயன்று வரவில்லையென்றால் மல்லுக்கட்டாமல் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அங்கே மரத்துப்போகும் மருந்து தடவியோ ஊசி போட்டோ சரிசெய்வார்கள். சிலருக்கு மட்டும் தோலில் சிறு கீறல் தேவைப்படும். வீட்டில் முதியவருக்குச் சிறுநீர் டியூப் போட்டிருந்தால் இதையும் கவனியுங்கள்: டியூப் மாற்றவும் சுத்தம் செய்யவும் பின்னால் தள்ளிய தோலை முன்னே இழுத்துவிட மறப்பதால் இது நடக்கிறது.

நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் தோல் அதன் இடத்தில்தான் இருக்கிறது போலும். அப்படியானால் ஒவ்வாமை அல்லது உராய்வு என்றுதான் முதலில் நினைப்பேன். கண் இமை போல மெல்லிய, தளர்ந்த தோல் அது. கொஞ்சம் சீண்டினாலே நீர் கோத்துப் பெரிதாகத் தெரியும். ஆணுறையின் ரப்பர், அதில் தடவியிருக்கும் வழவழப்புப் பொருள், புது சோப்பு, எதுவும் காரணமாகலாம். அதன்மேல் கிருமிநாசினியும் பட்டால் கேட்கவே வேண்டாம். அன்றைக்கோ முதல் நாளோ வலி மாத்திரை, ஆன்டிபயாட்டிக் ஏதாவது விழுங்கினீர்களா? சிலருக்கு ஒரு குறிப்பிட்ட மாத்திரை போடும்போதெல்லாம் அதே இடத்தில் சிவந்து வீங்கி, ஆறியபின் கருந்தழும்பு நிற்கும். டிக்ளோஃபெனாக், கோ-ட்ரைமாக்சசோல், டாக்ஸிசைக்ளின் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு.

பால்வினை நோய் பயத்துக்கு வருவோம். மேகவெட்டை தெரிய பொதுவாக 2 முதல் 7 நாள் ஆகும், சிஃபிலிஸ் புண் வர ஏறக்குறைய 3 வாரம். முந்தைய இரவு உறவு கொண்டதால் காலையில் வந்த வீக்கம் அதுவாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. ஆனால் புண், கொப்புளம், சீழ், தொடை இடுக்கில் நெறி, இதில் ஏதாவது இருந்தாலோ, முன்பு பாதுகாப்பில்லாத உறவு இருந்தாலோ ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனையின் நம்பிக்கை மையத்தில் எச்.ஐ.வி. பரிசோதனை இலவசம்.

தயிர் போன்ற வெள்ளைப் படிவு, தோலின் விளிம்பில் கீறல் கீறலாக வெடிப்பு இருந்தால் பூஞ்சைத் தொற்று. அதற்கு க்ளோட்ரிமசோல் களிம்பு போதும். மனைவிக்கும் அரிப்பு இருந்தால் இருவரும் சேர்ந்தே வைத்தியம் பார்க்க வேண்டும். உங்கள் வயதில் இது வந்தால் சர்க்கரை பார்க்காமல் விடக் கூடாது. இதை வைத்தே சர்க்கரை நோய் இருப்பது தெரியவருகிறவர்கள் உண்டு. ஏற்கெனவே சர்க்கரைக்கு டபாக்லிஃப்ளோசின், எம்பாக்லிஃப்ளோசின் சாப்பிடுபவர்களுக்குச் சிறுநீரில் சர்க்கரை வெளியேறுவதால் பூஞ்சை எளிதில் வரும். மாத்திரையை நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இப்போதைக்கு வெதுவெதுப்பான வெறும் தண்ணீரில் மென்மையாகக் கழுவி ஒற்றித் துடையுங்கள். சோப்பும் வேண்டாம், கிருமிநாசினியும் வேண்டாம், மஞ்சளும் வேண்டாம். இரவில் செடிரிசின் 10 மில்லிகிராம் ஒன்று போடலாம். தூக்கம் வரும், வண்டி ஓட்டாதீர்கள். வீக்கம் முழுதும் வடியும்வரை உறவு வேண்டாம். சாதாரண ஒவ்வாமை இரண்டு மூன்று நாளில் வற்றிவிடும்.

சிறுநீர் போகாவிட்டாலோ, மொட்டு நீலமாகவோ கருப்பாகவோ மாறினாலோ, காய்ச்சலோடு வலி பரவினாலோ உடனே மருத்துவமனைக்குப் போங்கள். உதடு வீங்கி மூச்சுத் திணறினாலும், உறவின்போது 'டப்' என்று சத்தம் கேட்டு வீங்கியிருந்தாலும் அப்படித்தான்.

இந்த ஆபத்து அறிகுறி எதுவும் இல்லாமல் மூன்று நாளில் குறையாவிட்டால் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள். போகும்போது அந்த க்ரீம் டியூப்பையும், சாப்பிட்ட மாத்திரை அட்டைகளையும் கையோடு எடுத்துப்போங்கள். மெடிக்கலில் தரும் இத்தகைய க்ரீம்கள் பலவற்றில் ஸ்டீராய்டு கலந்திருக்கும். பூஞ்சை இருக்கும் இடத்தில் அதைத் தடவினால் இரண்டு நாள் அடங்கியது போலிருந்து பின்பு பரவிவிடும்.